கிரேக்கத்தில் யூமார்ஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிரேக்கத்திலும் சைப்ரஸிலும் ஆய்வு செய்யும் நம்மவர்கள் எழுதியவை. உடல்நலச் செயலிகளின் தரத்தை அளக்கும் மார்ஸ், யூமார்ஸ் என்ற வினாநிரல்களைக் கிரேக்க மொழிக்குக் கொண்டுபோகும் வேலையில் எங்கெங்கே தடுக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள்.

மார்ஸை எடுப்பதா, யூமார்ஸை எடுப்பதா? (ஆய்வு மாணவி, தெசலோனிகி)

மதிப்பெண் போடப்போவது யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிரிஸ்பேனில் உள்ள குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2015-இல் வெளியான மார்ஸ், பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளருக்கானது. அதில் 23 கேள்விகள். அடுத்த ஆண்டு வந்த யூமார்ஸில் 20 கேள்விகள். அது செயலியைக் கையில் வைத்திருக்கும் பொதுமக்களுக்கானது. மார்ஸில் உங்கள் மாதிரி என்பது செயலிகள், யூமார்ஸில் மனிதர்கள். ஒரே செயலியை 30 பேரிடம் கொடுத்து மதிப்பிடச் சொல்லிவிட்டு 'மார்ஸைச் சரிபார்த்தோம்' என்று எழுதினால் உங்கள் மாதிரி அளவு 1. மூல ஆய்விலேயே 60 செயலிகள் இருந்தன. 2020-இல் வந்த பெரிய சரிபார்ப்பில் சுமார் 1,300.

எதை எடுத்தாலும் மூல ஆசிரியர்களின் அனுமதி எழுத்தில் வந்த பிறகே மொழிபெயர்க்க உட்காருங்கள்.

கிரேக்கப் பிரதியை ஆங்கிலத்துக்குத் திருப்பிய பின்மொழிபெயர்ப்பு மூலத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. மொழிபெயர்ப்பு வேலை முடிந்ததுதானே? (பத்ராஸ்)

முடியவில்லை. ஒரு எழுத்து பிசகாமல் ஒத்துப்போனால் எனக்குச் சந்தேகம்தான் வரும். கிரேக்க வரி ஆங்கிலத்தின் அச்சாக இருந்தால்தான் அது அவ்வளவு சுலபமாக ஆங்கிலத்துக்குத் திரும்பும். இரண்டு பேர் தனித்தனியாகக் கிரேக்கத்துக்குக் கொண்டுவந்து, இரண்டையும் சேர்த்து ஒரு பிரதி ஆக்கி, மூலத்தைப் பார்த்திராத இரண்டு பேரிடம் ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரு குழு மேசையில் பரப்பிவைத்துப் பேச வேண்டும். அதற்குப் பிறகு 30, 40 பேரிடம் முன்சோதனை. நீங்கள் பாதி வழியில் நிற்கிறீர்கள்.

ஆங்கிலத்திலிருந்து கிரேக்கத்துக்குக் கொண்டுவரும் முன்மொழிபெயர்ப்பாளர்கள் இருவரும் மருத்துவர்களாக இருக்கலாமா?

கூடாது. ஒருவருக்குத் துறை தெரிந்திருக்கட்டும், மற்றவருக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

யூமார்ஸின் கிரேக்கப் பிரதியை இணைய இணைப்பாக அனுப்பி 120 மருந்தியல் மாணவர்களிடம் பதில் வாங்கினோம். எல்லோரும் ஒரே செயலியைத்தான் மதிப்பிட்டார்கள். ஆல்ஃபா (கேள்விகள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண்) 0.94. சரிபார்க்கப்பட்டது என்று கட்டுரை அனுப்பிவிடலாமா? அவசரம். (ஏதென்ஸ்)

அனுப்பாதீர்கள். மாதா மாதம் யாராவது ஒருவர் இதே கேள்வியை ஊரை மட்டும் மாற்றி எழுதுகிறார்.

ஆல்ஃபா நம்பகத்தன்மையின் ஒரு பகுதியை மட்டும் சொல்லும். ஏற்புடைமையை, அதாவது அளக்க வேண்டியதைத்தான் வினாநிரல் அளக்கிறதா என்பதை, பற்றி அது வாயே திறக்காது. போதாததற்கு, கேள்விகளின் எண்ணிக்கை கூடினாலே அது ஏறிவிடும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 கேள்விகளுக்கிடையே சராசரித் தொடர்பு வெறும் 0.3 இருந்தாலும் ஆல்ஃபா 0.9-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். யூமார்ஸ் ஈடுபாடு, செயல்பாடு, அழகியல், தகவல் என்று நான்கு பகுதிகளாகப் பிரிந்தது. கிரேக்கத் தரவிலும் அந்த நான்கும் பிரிந்து வருகின்றனவா என்று, எந்தக் கேள்விகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வுதான் காட்டும். கேள்விக்கு 7 பேர், எப்படியும் 100-க்குக் குறையாமல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தனிப்பட்ட அபிப்பிராயம் கேட்கும் கடைசி 4 இந்தப் பகுதிகளில் சேராது, மீதி 16-க்கு 112 பேர். எண்ணிக்கையில் உங்கள் 120 பேர் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் எல்லோரும் ஒரே செயலிக்கு மதிப்பெண் போட்டால், நல்ல செயலியையும் மோசமான செயலியையும் இந்த வினாநிரல் பிரித்துக் காட்டுமா என்பது எப்படித் தெரியும்? குறைந்தது இரண்டு செயலிகளை எடுங்கள், ஒன்று தரத்தில் தெளிவாகத் தாழ்ந்ததாக இருக்கட்டும். கூடவே, பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்கும் சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல் வினாநிரலையும் கொடுங்கள். அதன் கிரேக்கப் பிரதி 2012 முதலே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள்.

இவற்றையெல்லாம்விட எனக்கு ஆற்றாமை தருவது அந்த 120 மாணவர்கள். பதில் சொன்னவர் யார்? கிரேக்கத்தில் ஐந்தில் ஒருவருக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். 2020 முதல் அங்கே மருந்துச் சீட்டே குறுஞ்செய்தியாகக் கைப்பேசிக்கு வருகிறது. இரத்த அழுத்தச் செயலியும் சர்க்கரைச் செயலியும் யாருக்கு வேண்டியவை? அவர்களை விட்டுவிட்டு, கைக்கு எட்டினார்கள் என்பதற்காக வகுப்பறையில் இருப்பவர்களைப் பிடிக்கிறோம். யூமார்ஸின் மூல ஆய்வே 16 முதல் 25 வயதுள்ள ஆஸ்திரேலிய இளைஞர்கள் 164 பேரிடம், இரண்டே செயலிகளை வைத்து நடந்தது. அந்தக் குறையை நிரப்பத்தான் புதுச் சரிபார்ப்பு. நீங்கள் அதே குறையைக் கிரேக்கத்திலும் நட்டுவைக்கிறீர்கள்.

எழுபது வயதுப் பெண்மணி ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அசைவுகளைப் பற்றிய கேள்வியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தொடுவது, தள்ளுவது, இரு விரலால் பெரிதாக்குவது ஆகியவை இயல்பாக இருக்கின்றனவா, எல்லாத் திரைகளிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று ஒரே மூச்சில் இரண்டு விஷயங்களைக் கேட்கிறது அது. படித்து முடித்ததும், 'இங்கே என்ன கேட்கிறார்கள், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். திரையைத் தொடுவதைத் தவிர வேறொன்றும் செய்து பழகாதவர் எந்தப் பாதிக்குப் பதில் சொல்கிறார், எங்கே தயங்குகிறார், எப்போது 1 முதல் 5 வரையிலான மதிப்பெண்ணில் நடுவில் உள்ள 3-ஐத் தொட்டுவிட்டு நகர்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்படி 10 பேரோடு உட்கார்ந்தால் தெரியவருவதை உங்கள் 0.94 ஒருநாளும் சொல்லாது.

மொத்த மதிப்பெண் 71 வந்தது. நூற்றுக்கு எவ்வளவு என்று மாற்றுவது எப்படி?

எதற்கு மாற்ற வேண்டும்? கூட்டுத்தொகையே தவறு. ஒவ்வொரு பகுதிக்கும் சராசரி எடுங்கள், பிறகு நான்கு சராசரிகளுக்கும் சராசரி. விடை 1 முதல் 5-க்குள் வரும். கடைசி 4 கேள்விகள் தனிப்பட்ட அபிப்பிராயம், அவற்றை இதில் சேர்க்கக்கூடாது. 'பொருந்தாது' என்று குறித்தவற்றைப் பூஜ்யமாகப் போடாமல் விட்டுவிடுங்கள். மதிப்பிடும் முறை மூலக் கட்டுரையிலேயே இருக்கிறது. அதைத் திறந்துகூடப் பார்க்காமல் எனக்குக் கடிதம் எழுதுவதில் பயனில்லை.

ஓராண்டில் எத்தனை முறை பயன்படுத்துவீர்கள் என்ற கேள்வியில் 3–10, 10–50 என்று 10 இரண்டு இடத்தில் வருகிறது. திருத்தலாமா?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். நீங்களாகத் திருத்தாதீர்கள். மூல ஆசிரியர்களைக் கேளுங்கள், அவர்கள் சம்மதித்தால் திருத்திவிட்டு அதைக் கட்டுரையில் குறிப்பிடுங்கள். அனுமதி எழுத்தில் இருக்கட்டும்.

அதே ஆட்களிடம் மறுபடி கேட்கும் மறுசோதனைக்கு எத்தனை நாள் இடைவெளி? (ஹெராக்லியோன்)

இரண்டு வாரம் போதும். ஐசிசி (இரண்டு முறை கிடைத்த மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்) 0.75-ஐத் தாண்டினால் நல்லது, அந்த எண் எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் நம்பிக்கை இடைவெளியையும் சேர்த்துக் கொடுங்கள். பலர் மறப்பது வேறொன்று: கைப்பேசியில் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவைக்க வேண்டும். இடையில் செயலி மாறிவிட்டால், குறைந்த ஐசிசிக்குக் காரணம் வினாநிரலா செயலியா என்று யாராலும் சொல்ல முடியாது. பதிப்பு எண்ணை இரண்டு முறையும் எழுதிவையுங்கள்.

கிரேக்க அமைப்பில் உள்ள கணினியிலிருந்து எடுத்த கோப்பில் எண்கள் எல்லாம் குழம்பிக் கிடக்கின்றன.

அங்கே தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி. 3,5 என்றிருப்பதை உங்கள் மென்பொருள் எழுத்தாகவோ 35 ஆகவோ எடுத்துக்கொண்டிருக்கும். இன்னொன்று: கிரேக்கத்தில் கேள்விக்குறி நம் அரைப்புள்ளி வடிவில் இருக்கும். கோப்பில் அரைப்புள்ளியைப் பிரிப்பானாக வைத்திருந்தால் ஒவ்வொரு கேள்வியும் அடுத்த நெடுவரிசைக்கு உடைந்துபோகும். டேப் பிரிப்பானுக்கு மாறுங்கள்.

கிரேக்கப் பிரதியிலிருந்தே தமிழ்ப் பிரதி செய்யலாமா?

வேண்டாம். ஆங்கில மூலத்திலிருந்து தொடங்குங்கள், அனுமதியும் புதிதாக வாங்குங்கள்.

ஏதென்ஸில் சரிபார்த்த பிரதியை சைப்ரஸில் பயன்படுத்தலாமா? (நிகோசியா)

எழுத்தில் பொதுக் கிரேக்கம்தான், நாணயமும் யூரோதான். பெரும்பாலும் ஓடும். ஆனாலும் பேச்சு வழக்கு வேறு, அங்குள்ள பொது மருத்துவத் திட்டமும் வேறு. லிமாசோலிலோ லார்னாக்காவிலோ வயதானவர்களையும் சேர்த்து 10 பேரிடம் படித்துக்காட்டுங்கள். ஏதாவது ஒரு சொல் மாறினாலும் சைப்ரஸ் பிரதி என்று தனிப் பெயர் கொடுங்கள். மாறவில்லையென்றால் அதே பிரதியை வைத்துக்கொண்டு, யார் யாரிடம் படித்துக்காட்டினீர்கள் என்பதை மட்டும் கட்டுரையில் எழுதிவிடுங்கள்.