மார்பகப் புற்றுநோய் நுரையீரலுக்கு எப்படிப் போகிறது?

கோத்தகிரியில் இருக்கும் உங்கள் அத்தைக்கு மார்பகத்தில் வந்த புற்று நுரையீரலுக்குப் பரவியதற்கு மலைக்குளிர் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நீலகிரியில் எந்த நோய் வந்தாலும் பழி பனிமூட்டத்தின் தலையில்தான் விழுகிறது!

செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் ஈ-கேடரின் புரதம் குறையும்போது சில புற்றுச் செல்கள் கழன்று, சுற்றுத் திசுவை நொதிகளால் அரித்துக்கொண்டு சிரைக்குள் நுழைகின்றன. சிரை ரத்தம் இதயத்தின் வலப்பக்கம் சேர்ந்து, அங்கிருந்து நேரே நுரையீரலுக்குத்தான் போகிறது. அங்குள்ள நுண்குழாய்கள் பெரும்பாலும் 10 மைக்ரானுக்கும் குறைந்த அகலம். புற்றுச் செல்லோ பொதுவாக அதைவிடப் பருமன். சிக்கிக்கொள்கிறது. சிக்கியவற்றில் பெரும்பாலானவை செத்துவிடும். பிழைத்தவை குழாய்ச் சுவரைக் கடந்து, சில சமயம் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, பிறகு பெருகும். புற்றுச் செல் விதை, அது போய்ச் சேரும் உறுப்பு மண்; விதைக்கேற்ற மண் வேண்டும் என்று 1889-இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் எழுதியது இதைத்தான்.

நுரையீரலில் வளர்ந்தாலும் அவை மார்பகப் புற்றுச் செல்களே. மருந்தும் மார்பகப் புற்றுக்குரியதைத்தான் கொடுப்பார்கள்.