வாசகர் கேள்வி பதில்: ஒரு மேடை, ஒரு பொண்ணு, எள்ளுப்பாட்டி வரைக்கும்

போன இதழ்ல அமெரிக்கக் கறுப்பின நடிகை வூப்பி கோல்ட்பெர்க் பத்தி ரெண்டே ரெண்டு வரி எழுதியிருந்தேன். அவங்க ஹாலிவுட் போறதுக்கு முன்னாடி மேடையில தனி ஆளா நின்னு பல பேரா மாறி மாறி நடிச்சவங்க, கறுப்பினப் பெண்கள் இப்படித் தனியா நடிக்கிறதுக்குன்னு ஒரு பெரிய வரிசையே இருக்குன்னு. அதுக்கு வந்த கேள்விகளைப் பார்த்தா இந்த இதழ்ல வேற எதுக்கும் இடமில்ல. சினிமா கேள்வி அனுப்புனவங்க கோவிச்சுக்காதீங்க.

அக்கா, ஒரே ஆள் ஒன்றரை மணி நேரம் பேசிட்டு இருந்தா அது நாடகமா? ஸ்டாண்ட்-அப் காமெடிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? (வாசகர், ஈரோடு)

வூப்பியோட ஷோவையே எடுத்துக்கலாம். 1984 அக்டோபர்ல நியூயார்க்கோட பெரிய நாடகத் தியேட்டர்கள் இருக்கிற பிராட்வேயில, லைசியம் தியேட்டர்ல ஆரம்பிச்சுது, டைரக்டர் மைக் நிக்கல்ஸ் மேற்பார்வை, 156 காட்சி ஓடுச்சு. அதுல ஒரு சின்னப் பொண்ணு வரும், தலையில வெள்ளைச் சட்டையைக் கவுத்துப் போட்டுட்டு இதுதான் என்னோட நீளமான பொன்னிற முடின்னு தலையை ஆட்டி ஆட்டிக் காட்டும். டிவியில வரணும்னா அந்த முடி வேணும்னு அது நம்புது. வெள்ளையாகுறதுக்காக பிளீச் ஊத்தின தண்ணியில உக்காந்ததையும் சாதாரணமா சொல்லும். முதல்ல சிரிப்போம், அப்புறம் சிரிச்ச மூஞ்சியை எங்க கொண்டு போய் வெச்சுக்கிறதுன்னு தெரியாது. ஸ்டாண்ட்-அப்ல மைக் பிடிச்சவர் கடைசி வரைக்கும் அவராத்தான் இருப்பார், நடந்ததை நமக்குச் சொல்லுவார். இங்க அந்தக் குழந்தையே வந்து நிக்குது, தான் சொல்றதுல சிரிக்க என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது. அந்த இடத்துல அது நாடகம் ஆயிடுது. டிவிக்காக எடுத்த ரெக்கார்டிங் இருக்கு, கிடைச்சா அந்தப் பகுதியை மட்டுமாவது பாருங்க.

ஏன் தனியா நடிக்கணும்? கலைக்காகவா, இல்ல காசு இல்லாமயா? (வாசகி, நாகர்கோவில்)

காசும்தான். இப்படிச் சொன்னா கலைஞர்களைக் குறைச்சுப் பேசுறதா சிலருக்குத் தோணுது, எனக்கு அப்படி இல்ல. வினி பர்ரோஸ்னு ஒருத்தங்க, 1924-ல நியூயார்க்ல பிறந்தவங்க, 1950-லயே ஹெலன் ஹேய்ஸ் மாதிரி பெரிய நடிகையோட பிராட்வேயில நடிச்சாச்சு. சரி, அதுக்கப்புறம்? அந்தக் காலத்துல கறுப்பு நடிகைக்குன்னு எழுதின வேஷம் பெரும்பாலும் வேலைக்காரி, இல்லன்னா ஆயா. வேஷம் குடுப்பாங்கன்னு வாசல்ல நின்னு நின்னு பார்த்துட்டு, அவங்களே கறுப்பின எழுத்தாளர்களோட கவிதை, உரைநடை, பாட்டுன்னு சேர்த்துக் கோத்து 1968-ல 'வாக் டுகெதர் சில்ட்ரன்'னு ஒரு தனி நிகழ்ச்சி பண்ணாங்க. அடிமை காலத்துல இருந்து அவங்க காலம் வரைக்கும் எல்லாக் குரலும் ஒரே தொண்டையில. தனி நிகழ்ச்சிகளை மட்டும் உலகம் முழுக்க 6,000 தடவைக்கு மேல போட்டிருக்காங்க! கூட நடிக்கிறவங்களுக்குச் சம்பளம் வேண்டாம், பெரிய செட் வேண்டாம், காலேஜ் ஹாலோ சர்ச்சோ கூப்பிட்ட இடத்துக்குப் போயிடலாம். 2023 டிசம்பர்ல 99 வயசுல காலமானாங்க. வேஷம் குடுக்க மாட்டேன்னவங்க பேரெல்லாம் இன்னிக்கு யாருக்கு ஞாபகம் இருக்கு.

இந்த நாடகங்கள் எல்லாமே பாட்டி, கொள்ளுப்பாட்டி கதையாவே இருக்கே, தாத்தாக்கள் எங்க போனாங்க? (காலேஜ் மாணவி, திருச்சி)

நல்லாக் கேட்டம்மா. இதுக்குப் பின்னாடி ஒரு சட்டம் இருக்கு. இங்கிலாந்து வழக்கப்படி பிள்ளைக்கு அப்பா வழிதான் எல்லாம். அப்ப இங்கிலாந்தோட காலனியா இருந்த அமெரிக்க வர்ஜீனியாவுல எலிசபெத் கீன்னு ஒரு பொண்ணு, அம்மா ஆப்பிரிக்காவுல இருந்து வந்த அடிமை, அப்பா ஆங்கிலேயர், அப்பா வழியை வெச்சே வழக்குப் போட்டு 1656-ல விடுதலை வாங்கிட்டாங்க. இப்படியே விட்டா என்ன ஆகும்னு முதலாளிங்களுக்கு விளங்கிடுச்சு போல. 1662-ல வர்ஜீனியா சட்டசபை அதை அப்படியே திருப்பிப் போட்டுச்சு, இனிமே பிள்ளை அடிமையா இல்லையாங்கிறது அம்மாவோட நிலையைப் பொறுத்ததுன்னு. அதாவது எஜமான் ஒரு அடிமைப் பொண்ணை பலாத்காரம் பண்ணிப் பிள்ளை பிறந்தா அது அவன் பிள்ளை இல்ல, அவன் சொத்து. மாடு யாரோடதோ கன்னும் அவரோடதுங்கிற கணக்கு. மத்த காலனிகளும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. அப்பன் பேர் எழுத வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு.

அதுக்கு மேல காகிதமும் காலை வாரிடுச்சு. 1850, 1860 மக்கள் கணக்கெடுப்புல அடிமைகளுக்குன்னு தனிப் பட்டியல், மேல எஜமான் பேர், கீழ பெண், 30 வயசு, கறுப்புன்னு வரிசையா இருக்கும், பேர் இருக்காது. பெரும்பாலானவங்க பேர் முதல்முதலா வர்றது 1870 கணக்கெடுப்புலதான், அதனால குடும்ப வரலாறு தேடிப் போற கறுப்பின அமெரிக்கர்கள் அந்த வருஷத்துல வந்து முட்டிக்கிட்டு நிக்கிறாங்க, அதைச் சுவர்னுதான் அவங்களே சொல்றாங்க. சுவருக்கு அந்தப் பக்கம் போகணும்னா அத்தை சொன்னது, பாட்டி முணுமுணுத்தது, ஒரு தாலாட்டு, ஒரு சமையல் பக்குவம், இவ்வளவுதான் கையில.

அமெரிக்க அரசாங்கம் 1936-ல இருந்து 1938 வரைக்கும் உயிரோட இருந்த முன்னாள் அடிமைகளைத் தேடிப் பிடிச்சு 2,300-க்கு மேல வாக்குமூலம் எழுதி வெச்சுது, பெரிய புதையல்தான், ஆனா போய்க் கேட்டவங்கள்ல நிறைய பேர் வெள்ளைக்காரங்க. 1930-கள்ல தென் மாநிலத்துல வாசல்ல ஒரு வெள்ளைக்காரர் நோட்டோட வந்து நின்னா எந்தப் பாட்டி மனசுல உள்ள எல்லாத்தையும் சொல்லும், சொல்லுங்க? அந்தப் பாட்டி சொல்லாம முழுங்கின பாதியைத்தான் பேத்தி மேடையில ஏத்துறா.

வெள்ளைக்காரங்களுக்குக் குற்ற உணர்ச்சி வரவைக்கத்தானே இதெல்லாம்? அவங்களே டிக்கெட் வாங்கி வந்து அழுதுட்டுப் போறாங்க, அதனால யாருக்கு என்ன லாபம்? (வாசகர், கோயம்புத்தூர்)

கேள்வியில கோவம் தெரியுது, ஆனா அர்த்தமில்லாத கேள்வி இல்ல. ராபி மெக்காலேன்னு ஒரு நாடகக்காரங்க (1942-2021). 'சாலிஸ் ரேப்'னு அவங்க பண்ண நாடகத்துக்கு 1992-ல சிறந்த புது நாடகம்னு ஓபி விருது (பிராட்வேக்கு வெளிய நடக்கிற நியூயார்க் நாடகங்களுக்குக் குடுக்கிறது) கிடைச்சுது. சாலி அவங்களோட எள்ளுப்பாட்டி, ஜார்ஜியாவுல அடிமை, எஜமானோட பிள்ளைங்களைப் பெத்தவங்க. இது தனி ஆள் நாடகம்னு சொல்ல முடியாது, கூட ஜீனி ஹட்சின்ஸ்னு வெள்ளைக்கார நடிகை ஒருத்தங்க இருப்பாங்க, ஆனாலும் இதை விட்டுட்டு இந்த விஷயத்தைப் பேச எனக்கு மனசு வரல. ஆரம்பத்துலயே பார்வையாளர்களைக் குழுவாப் பிரிச்சு எங்க எப்படிக் குரல் குடுக்கணும்னு சொல்லிக் குடுத்துடுவாங்க, நடுவுல ரெண்டு பேரும் சாதாரணமாப் பேசிக்குவாங்க. அப்புறம் ஒரு கட்டத்துல ராபி சாக்குத்துணி மாதிரி இருக்கிற உடையைக் கழட்டிட்டு ஏல மேடையில நிர்வாணமா நிப்பாங்க, ஜீனி பார்வையாளர்களை ஏலம் கூவச் சொல்வாங்க, கூட்டம் சேர்ந்து கூவும். கறுப்பர், வெள்ளையர் எல்லாரும்தான்.

இதுல அழுதுட்டுப் போக வழியே இல்லையே சார். அழுகைங்கிறது வெளிய உக்காந்து பார்க்கிறவனுக்கு, இங்க உங்க வாயிலிருந்தே ஏலச் சத்தம் வந்தாச்சு. யாரும் கட்டாயப்படுத்தல, நாடகம்தானேன்னு நினைச்சுத்தான் கூவியிருப்பீங்க, அந்தக் காலத்துச் சந்தையில நின்னவனும் வியாபாரம்தானேன்னுதான் நினைச்சிருப்பான். லாபம் யாருக்குன்னு கேட்டீங்க. சாலியைப் பத்தி இதுவரைக்கும் காகிதத்துல எழுதினவன் விலை போட்டவன்தான், இப்ப எழுதுறது பேத்தி. அவங்க குடும்பத்துக்கு அது பெரிய விஷயம்தான்.

இது நம்ம கதாகாலட்சேபம் தானே? (பெரியவர் ஒருத்தர், கும்பகோணம்)

பாதி சரி ஐயா. ஒருத்தரே கைகேயியும் ஆகி கூனியும் ஆகுறது, நடுவுல பாட்டு வர்றது எல்லாம் ஒண்ணுதான். ஆனா பாகவதர் சொல்ற கதை கேக்கிறவங்களுக்கு முன்னாடியே தெரியும், அவர் சொல்ற அழகைக் கேக்கத்தான் போறோம். இவங்க சொல்றது வீட்டுக்குள்ளயே பாதி மூடி வெச்ச கதை. சொந்தம்னு பார்த்தா மேற்கு ஆப்பிரிக்காவோட கிரியோக்கள்தான் கிட்ட வருவாங்க, வம்சத்தை வாயாலயே சொல்லிட்டு வர்ற பரம்பரைப் பாடகர்கள், அதுல பெண்களும் உண்டு.

அமெரிக்காவுல மட்டும்தானா? (வாசகி, சேலம்)

இல்லவே இல்ல. கனடாவுல ஜானெட் சியர்ஸ் 1987-ல 'ஆஃப்ரிகா சோலோ' போட்டாங்க, லண்டன்ல பிறந்து கனடாவுல வளர்ந்த பொண்ணு தன் வேரைத் தேடி ஆப்பிரிக்கா முழுக்கச் சுத்தின கதை. அல்ஜீரியாவுல ஜானெட்னு ஒரு பாலைவனச்சோலை ஊரைப் பார்த்துட்டுத் தன் பேரோட எழுத்தையே அந்த ஊர் மாதிரி மாத்திக்கிட்டாங்க, உச்சரிப்பு கிட்டத்தட்ட அதே, அர்த்தம்தான் வேற ஆயிடுச்சு. அதே கனடாவுல ஜமைக்காவிலிருந்து வந்த டிபி யங், மூணு நாடகம் சேர்ந்த சங்கோஃபா வரிசையில ஒரே குடும்பத்தோட மூணு தலைமுறைப் பெண்களைத் தனியா நடிச்சாங்க. சங்கோஃபான்னா கானா நாட்டு ஆகான் மொழியில திரும்பிப் போய் எடுத்துட்டு வான்னு அர்த்தம், தலையைப் பின்னாடி திருப்பின பறவை அதோட சின்னம். முதல் நாடகத்தோட பேர் ஜமைக்காவுல படுமோசமான கெட்டவார்த்தை, ஆனா நேரடி அர்த்தம் பார்த்தா மாதவிடாய்த் துணி, அவ்வளவுதான். தீட்டு, தூரம்னு சொல்லி வளர்த்த நம்ம வீட்டுப் பொண்ணுங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்ல.

பிரிட்டன்ல செலினா தாம்ப்சன் 2016-ல சரக்குக் கப்பல் ஏறி அடிமை வியாபாரம் நடந்த அதே பாதையில கானா, ஜமைக்கான்னு போயிட்டு வந்து 'சால்ட்'னு ஒரு நாடகம் பண்ணாங்க, 2017-ல எடின்பரோவுல போட்டாங்க. மேடையில ஒரு பெரிய உப்புப் பாறையைச் சம்மட்டியால அடிச்சு உடைப்பாங்க, சில்லு தெறிக்கும்னு முன் வரிசைக்காரங்களுக்குக் கண்ணுல போட்டுக்கப் பாதுகாப்புக் கண்ணாடி குடுப்பாங்க. உப்புன்னா கடலும் ஆச்சு, கண்ணீரும் வேர்வையும் ஆச்சு, இதை அவங்க வாயால விளக்கிட்டிருக்க வேண்டியதில்ல, பாறை உடையுற சத்தம் போதும். முடிஞ்சு போகும்போது ஆளுக்கு ஒரு உப்புத் துண்டு. அப்படிப் பிரசாதம் மாதிரி வாங்கிட்டு வந்ததை வீட்ல எங்க வைப்பாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு யோசனை.

நான் நாடகம் படிக்கிறேன் அக்கா. எங்க ஆச்சி கதையை இப்படித் தனியா பண்ணலாம்னு ஆசை. எங்க ஆரம்பிக்கிறது? (மாணவர், திருநெல்வேலி)

ஆச்சி இருக்காங்களா? இருந்தா இன்னிக்கே போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க தம்பி, கதையா சொல்லுங்கன்னு கேக்காதீங்க, அரிசி புடைக்கும்போது பக்கத்துல உக்காருங்க. அமெரிக்க நாடகக்காரங்க அன்னா டெவர் ஸ்மித் பண்ற முறையைப் பாருங்க. 1991-ல நியூயார்க் கிரவுன் ஹைட்ஸ்ல கறுப்பர்களுக்கும் யூதர்களுக்கும் நடுவுல கலவரம் நடந்த பிறகு ரெண்டு பக்கமும் போய்ப் பேட்டி எடுத்து, அவங்க சொன்னதை திக்கல், இழுவை, 'ம்ம்ம்' உட்பட ஒரு எழுத்து மாத்தாம அன்னா ஒருத்தரே எல்லாருமா நடிச்சாங்க. ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னா அது நீயாவே ஆயிடும்னு அவங்க தாத்தா சொன்னதுதான் அவங்களுக்குப் பாடமாம். உங்க ஆச்சி எந்த இடத்துல பேச்சை நிறுத்துறாங்கன்னு கவனிங்க, நாடகம் அங்க இருக்கும்.

ஆளுக்கு ஒரு குரல்னு மிமிக்ரி பண்ணிடாதீங்க. பார்வை எங்க போகுதுங்கிறதுதான் முக்கியம், குழந்தை மேல பார்க்கும், ஆச்சி கீழ பார்ப்பாங்க, இவ்வளவு போதும், ரெண்டு பேரும் மேடையில வந்துடுவாங்க. துணி ஒண்ணு வெச்சுக்கங்க, தோள்ல போட்டா ஒருத்தி, தலையில போட்டா ஒருத்தி.

இன்னொண்ணு, இது என் சொந்த எரிச்சல்னே வெச்சுக்கங்க. பாட்டியைத் தெய்வமாக்கிடுறாங்க எல்லாரும். கஷ்டப்பட்டா, பொறுத்துக்கிட்டா, நம்மளைக் காப்பாத்தினா, கைதட்டு. கறுப்பினப் பெண்களோட நாடகங்கள்லயும் இந்த வியாதி உண்டு. நல்லா எழுதினவங்க அப்படிச் செய்யல. சார்லெய்ன் வுடார்டுன்னு ஒரு நடிகை, 'பிரிட்டி ஃபயர்'னு அவங்க தனி நாடகத்துல சின்ன வயசுல லீவுக்கு ஜார்ஜியா தாத்தா பாட்டி வீட்டுக்குப் போறாங்க, தூரத்துல சிலுவை ஒண்ணு எரியுது, வெள்ளை இனவெறிக் கும்பலான கு கிளக்ஸ் கிளான் கொளுத்தினது, குழந்தைக்கு அது தெரியாது, அய் எவ்ளோ அழகான நெருப்புன்னு பார்க்குது. அதுதான் நாடகத்தோட பேரும். பெரியவங்க பயத்தை யாரும் விளக்கல, தேவையும் இல்ல. உங்க ஆச்சி மருமகளைக் கொடுமைப்படுத்தியிருந்தா அதையும் வைங்க, உங்க அம்மா முன் வரிசையில உக்காந்திருக்கும்போது நடிச்சுக் காட்டுங்க.

ஒன்றரை மணி நேரம் நிறுத்தாம பேசினா தொண்டை என்னாகும்? தண்ணி எப்பக் குடிப்பாங்க? (பத்தாங்கிளாஸ் மாணவி, விருதுநகர்)

பாட்டி டீ குடிக்கிற மாதிரி ஒரு சீன் வந்தா கவனி பாப்பா. அந்தக் கப்புல இருக்கிறது தண்ணிதான்.