மகள் ஏ.எம்.இ. படிக்கட்டுமா? அவசரச் சறுக்கைக் கண்டு பயப்படும் தாய்க்கு

அம்மா, ஹேங்கரில் (விமானங்களைப் பராமரிக்கும் கூடம்) விமானக் கதவைத் திறந்ததும் ஸ்லைடு விரிந்து ஆளைத் தூக்கி அடித்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மகளை ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) படிப்புக்கு அனுப்பத் தயங்குகிறீர்கள். சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எதனால் அப்படி ஆகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆபத்தில் பயணிகள் இறங்குவதற்காகக் கதவின் கீழ்ப்பாகத்தில் மடித்து வைத்திருக்கும் நைலான் சறுக்குதான் ஸ்லைடு. சில நொடிகளில் விரிந்தாக வேண்டும் என்பதால், கூடவே இருக்கும் வாயு சிலிண்டரில் பல வகைகளில் 3,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அளவுக்கு அழுத்தம் இருக்கும். லாரி டயரில் இருப்பதே நூற்றுச் சொச்சம்தான்.

போயிங் 737-ல் ஸ்லைடோடு சேர்ந்த கர்ட் பார் என்ற உலோகத் தண்டைத் தரைக் கொக்கிகளில் மாட்டிவிட்டால் கதவு 'ஆர்ம்' ஆகிவிடும், அதாவது ஸ்லைடு விரியத் தயாராகிவிடும். அந்த நிலையில் திறந்தால் ஸ்லைடு விரியும். வெளியே ஏணியில் நிற்பவர் கதி அவ்வளவுதான். ஏர்பஸ் ஏ320-ல் வெளிக் கைப்பிடியைத் தூக்கினாலே டிஸ்ஆர்ம் ஆகும் (அந்தத் தயார் நிலை நீங்கும்), 737-ல் ஆகாது. ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் அதே தைரியத்தோடு போனால் வம்பு. 737 கதவுக் கண்ணாடியின் குறுக்கே சிவப்புப் பட்டை தெரிந்தால் தொடவே கூடாது. பட்டை இல்லையென்றாலும் நம்பிவிட முடியாது. அதைக் கட்டுவதும் மனிதர்தானே. உள்ளே இருப்பவர் குனிந்து பார்த்து, கர்ட் பார் கொக்கியில் இல்லை என்று சொன்ன பிறகுதான் கதவு.

ஸ்லைடைக் கழற்றும் வேலையில் முதலில் டிஸ்ஆர்ம், பிறகு, வாயு தானாக வெளியேறாதபடி சிலிண்டர் வால்வின் துளையில் சேஃப்டி பின். பின் முழுக்க இறங்கியதா, அதன் சிவப்பு நாடா வெளியே தொங்குகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதன்பின்தான் போல்ட்டைக் கழற்ற வேண்டும். பொதி கனமானது, இருவர் தூக்க வேண்டும். விரியவைக்கும் கேபிளைப் பிடித்துத் தூக்கினால் தொலைந்தது. மோதிரம், வாட்ச் கையில் இருக்கக் கூடாது.

பின்னை மறப்பதில் இரண்டு வகை உண்டு. செருக மறந்தால் வேலை செய்பவருக்கு ஆபத்து. வேலை முடிந்து எடுக்க மறந்தால் கதவு சாதாரணமாகத்தான் இருக்கும், தீப்பிடித்த அன்றைக்கு ஸ்லைடு விரியாது. இரண்டாவதுதான் பராமரிப்பு வேலையில் இருக்கும் எங்களுக்கு அதிக பயம். ஷிப்ட் மாறும்போது "பின் குத்தியிருக்கு" என்று வாய்வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவது இந்தத் துறையில் செல்லாது. டாஸ்க் கார்டில் (வேலைப் பதிவு அட்டை) எழுத வேண்டும்.

ஆக, இந்த வேலைக்கு வீரம் தேவையில்லை. வரிசை மாறாமல் செய்யும் பொறுமை உங்கள் மகளுக்கு இருந்தால் தாராளமாகச் சேருங்கள்.

பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். பெரிய ஜெட் விமானங்களின் இயந்திரப் பிரிவுக்கு பி1.1 உரிமம், ஏவியானிக்ஸுக்கு (மின்னணுக் கருவிகள்) பி2 உரிமம். டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தேர்வில் ஒவ்வொரு மாட்யூலிலும் (பாடப் பகுதி) 75 சதவீதம் எடுக்க வேண்டும். மனிதத் தவறுகளைப் பற்றிய 9-வது மாட்யூலை மாணவர்கள் சுலபம் என்று அலட்சியம் செய்வார்கள். மேலே சொன்ன பின் மறதியெல்லாம் அதில்தான் வருகிறது. உரிமம் வந்த பிறகும், அந்தந்த விமானத்துக்கு டைப் ரேட்டிங் (அந்த வகை விமானத்துக்கான தனித் தகுதி) பெற்றால்தான் அதைப் பறக்க விடுவிக்கக் கையெழுத்திட முடியும். ஏரோநாட்டிகல் பி.இ. பட்டம் மட்டும் இதற்குப் போதாது.

பணம் கட்டும் முன், கல்லூரிக்கு சி.ஏ.ஆர்.-147 (பயிற்சி நிறுவனங்களுக்கான டி.ஜி.சி.ஏ. விதி) அங்கீகாரம் நடப்பில் உள்ளதா, எந்தப் பிரிவுக்கு என்று டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் பாருங்கள். செய்முறைக் கூடத்தில் நிஜ விமானக் கதவு இருக்கிறதா என்றும் நேரில் போய்க் கேளுங்கள்.