ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த வண்டியை ஓட்டப்போவது யார்?

கேள்வி: ஒன்பது வருடமாக டொயோட்டா லேண்ட் குரூஸர் பிராடோ வைத்திருக்கிறேன். 4.0 லிட்டர் பெட்ரோல், 1,70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஒருநாள்கூட வழியில் நின்றதில்லை. ஆனால் ஓட்டுவதில் துளி சந்தோஷம் இல்லை. பீரோவைத் தள்ளிக்கொண்டு போவதுபோல் இருக்கிறது. ஏழு வருடப் பழைய ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சூப்பர்சார்ஜர் வைத்த 3.0 லிட்டர் வி6, ஏர் சஸ்பென்ஷன். பிராடோவை விற்று, கொஞ்சம் பணம் சேர்த்தால் போதும். ஓட்டிப் பார்த்த நாளிலிருந்து தூக்கம் வரவில்லை. ரிப்பேர் வரும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். லண்டனிலிருந்து சிங்கப்பூர்வரை ஓடிய வண்டியின் வம்சம் அவ்வளவு மோசமாகவா இருக்கும்? வீட்டில் வேறு வண்டி கிடையாது. மனைவி மகப்பேறு மருத்துவர்; இரவில் அழைப்பு வந்தால் இதில்தான் போவார். மாற்றலாமா?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: மாற்றாதீர்கள். உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகள் முதலில் வந்திருக்க வேண்டும். எஞ்சினையும் தூக்கம் போனதையும் விரிவாக எழுதிவிட்டு, அந்த வண்டியை நம்பி நள்ளிரவில் கிளம்புகிறவரைப் போகிறபோக்கில் சொல்லி முடித்திருக்கிறீர்கள். நான் கடிதத்தைக் கீழிருந்து மேலாகப் படித்தேன். அப்படிப் படித்தால் கேள்வியே வேறாகிவிடுகிறது.

உங்கள் ஆசையைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். 2013-இல் வந்த அந்த இரண்டாம் தலைமுறை ஸ்போர்ட்டுக்குத் தனிச் சேஸிஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது, முழு பாடியும் அலுமினியம். முந்தைய மாடலைவிட 420 கிலோ வரை எடை குறைந்தது. பிராடோ, ஏணி மாதிரியான சேஸிஸ்மேல் பாடியை ஏற்றி உட்காரவைத்த வண்டி. கரடுமுரடான பாதையில் முறுக்கிப் பிழிந்தாலும் தாங்கும். ஆனால் வளைவில் சாயும், பிரேக் பிடித்தால் மூக்கு குனியும். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டியவர் யாரும் வித்தியாசம் இல்லை என்று சொல்ல முடியாது. தினமும் சந்தோஷமில்லாமல் ஸ்டியரிங் பிடிப்பது சின்ன விஷயமும் இல்லை. ஒன்பது வருடம் நீண்ட காலம்தான்.

ஆனால் அந்த 'வம்சம்' வாதத்தை என்னால் ஏற்க முடியாது. 1955–56-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு ஓட்டிப்போனவை சீரிஸ் ஒன் லேண்ட் ரோவர்கள். 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதலில் காட்டிய வண்டி அது. போருக்குப் பிறகு எஃகு கிடைக்காததால் அலுமினியத் தகட்டில் பாடி செய்தார்கள். பட்டை ஸ்பிரிங், கையில் ஸ்பேனர் இருந்தால் கழற்றி மாட்டக்கூடிய எஞ்சின். அந்த வண்டி ரிப்பேர் ஆகாமலா அவ்வளவு தூரம் போனது? ஆனபோதெல்லாம் பாதையோரத்திலேயே சரி செய்ய முடிந்தது, அதனால் போனது. நீங்கள் பார்த்துவைத்திருக்கும் வண்டியோடு அதற்குப் பொதுவாக இருப்பது லேண்ட் ரோவர் என்ற நிறுவனப் பெயர்தான்.

இந்த எஞ்சினை நன்றாகத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "கூலண்ட் பைப்பெல்லாம் மாத்தியாச்சா?" என்பதாக இருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் ஓடும் அந்தக் குழாய்களில் சில பிளாஸ்டிக். தினமும் சூடேறி, ஆறி, மறுபடி சூடேறி, சில வருடங்களில் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். ஒட்டிய இடத்தில் மயிரிழை விரிசல் விடும். எஞ்சினின் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கிறது. குழாய்களில் ஒன்று அதற்குக் கீழே ஒளிந்திருக்கிறது. மலிவான ஒரு துண்டு பிளாஸ்டிக்கை மாற்ற மேலே இருப்பதையெல்லாம் இறக்க வேண்டும். செலவு கூலியில்தான் ஏறும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கசிவு கண்ணில் படாமல் போவதுதான் ஆபத்து. கூலண்ட் குறைந்த அலுமினிய எஞ்சின் சூட்டைத் தாங்காது. எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று ஓட்டினால், சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். பிரசவ வலியில் ஒருத்தி காத்திருக்கும்போது, விளக்கு எரிகிறது என்று ஓரங்கட்டி நிறுத்த உங்கள் மனைவிக்கு மனம் வருமா?

ஏர் சஸ்பென்ஷனும் இப்படித்தான். எஃகு ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் ரப்பர் காற்றுப் பைகள், அவற்றுக்குக் காற்றடிக்க ஒரு கம்ப்ரெஸர், வால்வுகள், உயரம் பார்க்கும் சென்சார்கள். வயதானால் ரப்பர் மடிப்புகளில் விரிசல் விடும். கசிவு சின்னதாக இருந்தால் ஓட்டும்போது தெரியவே தெரியாது, கம்ப்ரெஸர் விடாமல் ஓடி ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். கடைசியில் அதுவும் சூடாகிப் போய்விடும். பை ஒன்றோடு முடிய வேண்டிய செலவு இரண்டாகிவிடும். என் நெருங்கிய நண்பர் ஒருவரின் வண்டி (வேறு நிறுவனத்தின் தயாரிப்பு) ஒரு விடியற்காலையில் ஒரு பக்கமாக மண்டியிட்டு உட்கார்ந்திருந்தது. அன்று அவருடைய அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக வேண்டிய நாள். டாக்ஸி பிடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் வண்டி ஒழுங்காக ஓடும் நாட்களில்கூட அந்த வீட்டில் அதை நம்பி யாரும் எதையும் திட்டமிடுவதில்லை என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

விலையைப் பற்றி ஒன்று. 'கொஞ்சம் பணம் சேர்த்தால் போதும்' என்று எழுதியிருக்கிறீர்கள். புதிதாக வந்தபோது பிராடோவைவிட மிக உயர்ந்த விலையில் இருந்த வண்டி, ஏழே வருடத்தில் உங்கள் பழைய பிராடோவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறதே, ஏன்? இனி வரப்போகும் ரிப்பேரை வாங்குகிறவர்கள் முன்கூட்டியே கழித்துவிட்டார்கள். வண்டியின் விலை இறங்கியதே தவிர ஸ்பேர் பார்ட்ஸ் விலை கூடவே இறங்கவில்லை. அது இன்றும் புது வண்டி வாங்குகிறவரின் பணப்பையைப் பார்த்து வைத்த விலைதான்.

டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றும் நான் சொல்லவில்லை. புதிய இரட்டை டர்போ வி6 எஞ்சினுக்குள் தயாரிப்பின்போது உலோகத் துகள்கள் தங்கிவிட்டன என்று 2024-இல் டன்ட்ரா பிக்கப், டொயோட்டாவின் சொகுசுப் பிராண்டான லெக்ஸஸின் எல்எக்ஸ் வண்டிகள் சுமார் 1,02,000-ஐ அந்த நிறுவனமே திரும்ப அழைத்தது. நான் நம்புவது பெயர்ப்பலகையை இல்லை, உங்கள் வண்டியை. டர்போவும் சூப்பர்சார்ஜரும் இல்லாத அந்த 4.0 லிட்டர் வி6, 2002-இலிருந்து பல மாடல்களில் ஓடிப் பழகிய எஞ்சின். டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். அதன் வியாதிகள் எல்லோருக்கும் தெரியும், மருந்தும் தெரியும். அதற்கும் மேலாக, ஒன்பது வருடம் அதை யார் எப்படி ஓட்டினார், எப்போது ஆயில் மாற்றினார் என்பது உங்களுக்கு நேரடியாகத் தெரியும். வாங்கப்போகும் வண்டியைப் பற்றி அந்த அறிவை எந்தக் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. 1,70,000 கிலோமீட்டருக்குள் ஷாக் அப்சார்பர் மாற்றினீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. மாற்றவில்லை என்றால் நீங்கள் ஓட்டுவது பிராடோவையே இல்லை, அதன் களைத்துப்போன உருவத்தை. நான்கு ஷாக், கீழே உள்ள ரப்பர் புஷ்கள், சாலைக்கு ஏற்ற நல்ல டயர், வீல் அலைன்மென்ட்: இவ்வளவையும் செய்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். ஸ்போர்ட் ஆகிவிடாது. ஆனால் அந்தப் பீரோவின் பாதி கனம் இறங்கும்.

அதற்குப் பிறகும் தூக்கம் வரவில்லையென்றால், ஸ்போர்ட்டை இரண்டாவது வண்டியாக வாங்குங்கள், பிராடோவை விற்காமல். இரண்டு வண்டிக்கு இப்போது வசதி இல்லை என்றால், வசதி வரும்வரை காத்திருங்கள். அந்த மாடல் எங்கேயும் ஓடிவிடாது, விலை இன்னும் இறங்கத்தான் போகிறது. வாங்கும் நாளில் எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்து கேளுங்கள். முந்தின இரவே நான்கு சக்கரத்துக்கு மேலும் உயரத்தை அளந்து வைத்து, காலையில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். கூலண்ட் குழாய் மாற்றியதற்கு பில் கேளுங்கள், வாய்ப்பேச்சு போதாது. எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி தருகிறேன் என்றால் எதற்கெல்லாம் கிடையாது என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். 'தேய்மானம்' என்ற சொல்லுக்குள் காற்றுப் பையையும் குழாயையும் அடக்கிவிடுவார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி நான் கேட்கிறேன். ஸ்போர்ட்டை ஓட்டிப் பார்க்க உங்கள் மனைவியை அழைத்துப் போனீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அவரிடம் வண்டியின் சத்தத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தக் குழாயைப் பற்றியும் காற்றுப் பையைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். இரவு அழைப்பு வந்து அவர் சாவியை எடுக்கும்போது, எந்தச் சாவியை எடுக்க விரும்புவார் என்று கேளுங்கள். இந்த விஷயத்தில் என் பதிலைவிட அவர் பதிலுக்குத்தான் எடை அதிகம்.