டிஹுவானாவுக்கு ஆலையை மாற்றலாமா? உங்கள் கேள்விகள்

கே: மருத்துவக் கருவி கம்பெனிகள் அமெரிக்க எல்லையை ஒட்டிய மெக்சிகோ நகரமான டிஹுவானாவில் குவிவது கூலி குறைவு என்பதால்தானே?

பாதி சரி. ஆனால் மெக்சிகோவின் எல்லை மண்டலத்தில் குறைந்தபட்சக் கூலி 2019-ல் ஒரே அடியாக இரண்டு மடங்காகி நாளுக்கு 176.72 பெசோ ஆனது, 2025-ல் 419.88. அப்படியும் ஆலைகள் காலியாகவில்லையே! எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் சான் டியாகோவில் காலையில் டிசைன் பார்த்த இன்ஜினியர், மதியம் எல்லை தாண்டிப்போய் உற்பத்தி லைனில் நின்று, கதீட்டர் (உடலுக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) நுனி ஏன் மடங்குகிறது என்று தன் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இந்த வசதி கப்பலில் சரக்கு வரும் ஊரில் கிடைக்காது. திரும்பி வரும்போது ஒட்டாய் மேசா எல்லைச் சாவடி வரிசையில் எவ்வளவு நேரம் போகும் என்பது வேறு கதை.

கே: மெஷின்களை அப்படியே கொண்டுபோய் வைத்தால் போதுமா?

போதாது. எல்லோரும் சறுக்குவது இங்கேதான். பொருத்தியது சரியா, வரம்புகளின் இரு ஓரத்திலும் ஓடுகிறதா, அன்றாட உற்பத்தியில் நிலையாக நிற்கிறதா என்று ஐ.க்யூ., ஓ.க்யூ., பி.க்யூ. என்ற மூன்று சோதனைகளையும் புதிதாகச் செய்ய வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் கருவியை உள்ளே வைத்து மூடும் பௌச்சை (பை) சீல் செய்யும் மெஷினை மாற்றினோம், வெப்பம், நேரம், அழுத்தம் எல்லாம் பழைய தாளில் இருந்தபடியே வைத்தோம், ஆனாலும் காலை ஷிஃப்ட் தொடக்கத்தில் மட்டும் சீல் லேசாக இழுத்தாலே பிரிந்துவந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்த பிறகு தெரிந்தது, பக்கத்து லைன் ஓட ஆரம்பிக்கும் நேரத்தில் கம்ப்ரஸர் காற்றழுத்தம் இறங்குகிறது. தனியாக ஒரு டேங்க் வைத்ததும் சரியாகிவிட்டது. சீல் பிரிந்தால் உள்ளே இருப்பது ஸ்டெரைல் (கிருமியற்றது) இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம், பி.எம்.ஏ. வகைக் கருவி (ஆபத்து அதிகம் என்பதால் விற்பனைக்கு முன் அனுமதி பெற வேண்டியது) என்றால் புதிய ஆலையில் செய்ததை விற்பதற்கு முன்பே எஃப்.டி.ஏ.வின் (அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதி வேண்டும். அதற்குத் தனியாக மாதக்கணக்கு போடுங்கள்.

கே: மெக்சிகோவில் இருந்தால் எஃப்.டி.ஏ. வருமா?

வரும். அமெரிக்காவில் விற்கிற ஆலை எங்கே இருந்தாலும் பதிவு, ஆய்வு இரண்டும் உண்டு. 2026 பிப்ரவரி 2 முதல் அவர்களுடைய தர விதியே மருத்துவக் கருவிகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 13485-ஐ உள்ளே இழுத்துக்கொண்டது. மெக்சிகோவிலேயே விற்பதானால் அந்நாட்டுச் சுகாதாரக் கட்டுப்பாட்டு அமைப்பான கோஃபெப்ரிஸின் பதிவும் வேண்டும்.

கே: ஷெல்டர் கம்பெனி (அங்கே நமக்காக ஆலையின் நிர்வாக வேலைகளைப் பார்க்கும் நிறுவனம்) மூலம் போகலாமா?

முதல் முறை போகிறவர்களுக்கு நல்லது. ஆள் எடுப்பது, சம்பளம், சுங்கம், இம்மெக்ஸ் அனுமதி எல்லாம் அவர்கள் தலையில். ஏற்றுமதிக்கான மூலப்பொருளைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுவர உதவுவது இம்மெக்ஸ். வெட்டிப்போட்ட ட்யூப் துண்டுக்கும் அதில் கணக்கு காட்ட வேண்டும். தரம் மட்டும் அவர்கள் தலையில் இல்லை, லேபிளில் உங்கள் பெயர்தான் இருக்கிறது.