வீட்டில் செய்யும் ஆம்ப்ளிஃபயருக்கு அலுமினியப் பெட்டியா, இரும்புப் பெட்டியா?

எல்எம்3886 (LM3886) என்ற ஆடியோ ஆம்ப் சிப்பில் செய்கிறீர்கள், டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மரும் அதே பெட்டிக்குள் என்றால் நான் 2 மி.மீ. அலுமினியத்தைத்தான் சொல்வேன். இரும்பு 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை ஓரளவு தடுக்கும், அலுமினியம் தடுக்காது, உண்மைதான். ஆனால் டொராய்டலிலிருந்து கசியும் புலம் குறைவு, டிரான்ஸ்ஃபார்மரை ஒரு மூலையிலும் இன்புட் சாக்கெட்டை எதிர் மூலையிலும் வைத்தாலே ஹம் (ஸ்பீக்கரில் கேட்கும் ‘ம்ம்’ இரைச்சல்) பெரிதும் அடங்கிவிடும். அலுமினியத்தைச் சாதாரண கை டிரில்லாலேயே துளைக்கலாம். மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்து, பஞ்ச் அடித்து, 3 மி.மீ.யில் தொடங்கி, அப்புறம் ஸ்டெப் டிரில்லால் பெரிதாக்குங்கள். காற்றுத் துளைகள் அடியிலும் மேலேயும் வேண்டும்.

எர்த் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அலுமினியத்தின் மேலுள்ள அனோடைஸ் (ஆக்சைடு) பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் எர்த் போல்ட் உட்காரும் இடத்தையும் மூடி, பக்கத் தகடுகள் சேரும் இடங்களையும் உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, ஒவ்வொரு தகட்டுக்கும் எர்த் தொடர்ச்சி இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். டொராய்டலின் நடு போல்ட் மேல் மூடியைத் தொடவே கூடாது. தொட்டால் போல்ட்டும் பெட்டியும் சேர்ந்து ஷார்ட் ஆன ஒரு சுற்றாகிவிடும், டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துபோகலாம்.

சரி, ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகம்): உங்கள் சிப் எல்எம்3886டி (LM3886T) என்றால் அதன் உலோக முதுகு நெகடிவ் சப்ளையோடு இணைந்தது, மின்சாரம் கடத்தாத மைக்கா ஷீட்டும் திருகைச் சுற்றி பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாமல் ஹீட்சிங்கிலோ பெட்டியிலோ பொருத்தாதீர்கள்.