தஞ்சாவூர் சுகோயும் ஊர் ஆஸ்பத்திரியும்: வாசகர் கேள்வி-பதில்

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020-லிருந்து சுகோய்-30 விமானங்கள் நிற்கின்றன. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரியில் டாக்டர் இல்லை. ராணுவச் செலவைக் கொஞ்சம் குறைத்தால் ஊருக்கு ஊர் டாக்டர் போடலாமே?
— வாசகர், ஒரத்தநாடு

ஆதங்கம் நியாயமானது. ஆனால் அந்தப் பணம் நேராக இந்தப் பக்கம் திரும்பாது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் நாட்டின் பாதுகாப்பு மத்தியப் பட்டியலின் முதல் இனம். பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலின் 6-வது இனம். உங்கள் ஊர் டாக்டர் பணியிடத்தை உருவாக்குவதும் நிரப்புவதும் சென்னையின் வேலை. மத்தியப் பணம் பெரும்பாலும் தேசிய நலவாழ்வு இயக்கம் போன்ற திட்டங்கள் வழியாகத்தான் வருகிறது. அதில் மத்திய அரசுக்கு 60 பங்கு, மாநிலத்துக்கு 40 பங்கு.

2025-26 மத்திய பட்ஜெட்டைப் பாருங்கள். மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி; சுகாதார அமைச்சகத்துக்கு ஒரு லட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவு. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுவதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். அந்த 6.81-ஐப் பிரித்துப் பார்த்தால், விமானம், கப்பல், பீரங்கி வாங்கும் மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடிதான். ஓய்வூதியம் மட்டும் 1.60 லட்சம் கோடி. இவை எல்லாவற்றையும் விடப் பெரியது கடனுக்கான வட்டி: 12.76 லட்சம் கோடி. பாதுகாப்பைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! இதைப் பற்றி டீக்கடையில் யாரும் சண்டை போடுவதில்லை.

சுகாதாரத்துக்கு ஒதுக்குவது போதாது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அரசின் சுகாதாரச் செலவை 2025-க்குள் நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்றது 2017-ம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கில் அது 1.84 சதவீதம். அதே ஆண்டு, நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் சொந்தக் கையிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். மாநிலங்கள் தங்கள் பட்ஜெட்டில் 8 சதவீதத்துக்கு மேல் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்றும் அந்தக் கொள்கையே சொல்கிறது. ஆகவே கேள்வியை டெல்லியோடு நிறுத்தாதீர்கள். சட்டமன்றத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கான மானியக் கோரிக்கை, அதாவது துறைக்குப் பணம் கேட்டு அரசு வைக்கும் ஆவணம், எண் 19. அதில் மதிப்பீடு, திருத்த மதிப்பீடு, கணக்கு என மூன்று தொகைகள் இருக்கும். செய்தியில் வருவது முதல் தொகை. உண்மையில் செலவானது மூன்றாவது.

வருமான வரியோடு பிடிக்கும் செஸ் என்ற கூடுதல் வரி, பான் மசாலா மீதான புதிய செஸ், இதெல்லாம் திருவாரூர் ஆஸ்பத்திரிக்கு வருமா?
— வாசகர், நன்னிலம்

நேரடியாக வராது. வரிப் பணத்தில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குப் பிரிக்க 15-வது நிதிக்குழு சொன்னது. ஆனால் செஸ் அந்தப் பொதுக் குவியலில் சேராது. 50,000 ரூபாய் வரி கட்டுபவரிடம் 4 சதவீத சுகாதார, கல்வி செஸ்ஸாக 2,000 ரூபாய் பிடிப்பார்கள். அதில் சுகாதாரத்துக்கு உரிய பங்கு மத்திய அரசின் தனி நிதிக்குப் போய், ஆயுஷ்மான் பாரத் போன்ற திட்டங்களாகவே திரும்பும். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பான் மசாலா செஸ் சட்டம், சுகாதாரத்தையும் தேசியப் பாதுகாப்பையும் ஒரே தலைப்பில் வைத்திருக்கிறது. இரண்டில் எதற்கு எவ்வளவு போனது என்பதை ஆண்டுதோறும் கேட்டே ஆக வேண்டும்.

முன்னாள் ராணுவத்தினரின் இ.சி.எச்.எஸ். சிகிச்சைப் பணம் சுகாதார பட்ஜெட்டில் வருகிறதா?
— வாசகர், பாபநாசம்

இல்லை, பாதுகாப்பு அமைச்சகத்தில். 2025-26-க்கு சுமார் 8,300 கோடி.

வயலில் பாம்பு கடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுவிட்டு உடனே தஞ்சாவூருக்கு அனுப்புகிறார்கள். மருந்துக்குப் பணம் இல்லையா?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

அனுப்புவதே தவறு என்று நினைக்காதீர்கள். விஷம் ஏறிய அறிகுறி இருந்தால் முதல் தவணையாக 8 முதல் 10 குப்பி விஷமுறிவு மருந்தை அங்கேயே ஏற்றிவிட்டு அனுப்புவதுதான் சரியான முறை. குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் உடம்பில் ஏறிய விஷத்தின் அளவு ஆளின் எடையைப் பார்த்துக் குறைவதில்லை. கண்ணாடி விரியன் கடி சிறுநீரகத்தைக் கெடுத்தால் டயாலிசிஸ் வேண்டும். கட்டுவிரியன் கடி மூச்சை முடக்கினால் வென்டிலேட்டர் வேண்டும். இரண்டும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் உண்டு. மருந்தே ஏற்றாமல் அனுப்பினால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

விஷம் ஏறியதா என்று அறிய ஒரு சோதனை உண்டு: ரத்தம் உறைகிறதா என்று பார்க்க, 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிளாஸ்டிக் குழாயோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயோ என்றால் நல்ல ரத்தமும் உறையாது, முடிவு பொய்யாகிவிடும். சில ரூபாய் கண்ணாடிக் குழாய் இருப்பில் இல்லாததால் சிகிச்சை தடம் மாறலாம். கட்டுவிரியன் கடியில் ரத்தம் ஒழுங்காகவே உறையும், வலியும் பெரிதாக இருக்காது. இமை சரிந்து கண் சொக்கினால் தூக்கம் என்று விடாதீர்கள்.

எங்கள் சுகாதார நிலையத்தில் உண்மையில் எத்தனை டாக்டர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகர், வேதாரண்யம்

மாவட்ட சுகாதார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். "ஏன் டாக்டர் இல்லை?" என்று எழுதினால் விளக்கம் தர இயலாது என்று திருப்பிவிடுவார்கள், பதிவேட்டில் இருப்பதை மட்டும் கேளுங்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, நிரம்பியவர்களில் வேறு இடத்தில் மாற்றுப்பணியில் இருப்பவர் எத்தனை? மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். ஆள் வேறு ஊரில் வேலை பார்க்க, காகிதத்தில் உங்கள் ஊர் இடம் நிரம்பியதாகவே நிற்கும். விஷமுறிவு மருந்தின் இருப்புப் பதிவேட்டு நகலையும் மாதவாரியாகக் கேளுங்கள்.

30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கிடைத்த பதிலை கிராம சபையில் படித்து, தீர்மானமாக எழுத வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.